நான் கேக்காத ஓவர்ட்ராஃப்டுக்கு நான் ஏன் கட்டணும்? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் பேங்க் பக்கத்துக்கு வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே சாதி. யாரோ எக்கவுன்ட்ல கை வச்சு காசு எடுத்திருக்காங்க, எக்கவுன்ட் மைனஸ்ல போயிருக்கு (பேங்க் இப்பிடி குடுக்கிற கடனுக்குத்தான் ஓவர்ட்ராஃப்ட் என்டு பேர்), பேங்க் வட்டி கேக்குது. அதுல நாலு மட்டும் இங்க போடுறேன்.

கேள்வி: வணக்கம் அங்கிள். நான் லண்டன்ல மாஸ்டர்ஸ் முடிச்சிட்டு போன வருஷம் ஜூலைல வெள்ளவத்தைக்கு திரும்பி வந்துட்டேன். அங்க நாலு பேரா சேர்ந்து ஒரு வீட்ல இருந்தோம், கேஸ் கரண்ட் பில் என்ட பேர்ல, டிரெக்ட் டெபிட்ல (கம்பனியே எக்கவுன்ட்ல இருந்து எடுக்க நாம குடுக்கிற அனுமதி) மாசா மாசம் போகும். வீட்ட விடுற அன்டைக்கு மீட்டர ஃபோட்டோ எடுத்து கம்பனிக்கு அனுப்பி, கடைசி பில்லும் கட்டி, உங்கட எக்கவுன்ட க்ளோஸ் பண்ணிட்டோம் என்டு அவங்க ஈமெயிலும் அனுப்பினாங்க. பேங்க் எக்கவுன்ட மட்டும் நான் மூடல்ல, 38 பவுண் கிடந்துச்சு, பிறகு பாப்போம் என்டு விட்டது. இப்ப கடன் அறவிடுற ரெக்கவரி கம்பனி ஒன்டு ஈமெயில் அனுப்புது. பாத்தா செப்டம்பர்ல அதே கரண்ட் கம்பனி 212 பவுண் எடுத்திருக்கு, எக்கவுன்ட் மைனஸ் 174, அதுக்கு மேல வட்டி வேற. நான் ஓவர்ட்ராஃப்ட் கேக்கவே இல்ல. பேங்க்ட சாட்ல கேட்டா கம்பனியோட பேசுங்க என்டுறாங்க, கம்பனிக்கு எழுதினா பில் சரிதான் என்டு மெஷின் பதில் வருது. அம்மா சொல்றா காச கட்டிட்டு விடு, பிறகு விசாக்கு பிரச்சினை வரும் என்டு. என்ன செய்யிறது?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: தம்பி, இப்போதைக்கு கட்டாதீங்க, அம்மாகிட்ட நான் சொன்னேன் என்டே சொல்லுங்க. அறுபதாயிரம் ரூபாய்க்கு மேல வாற காசு, சும்மா தூக்கிக் குடுக்கிற தொகை இல்ல.

இதுல ரெண்டு சண்டை இருக்கு. கம்பனி 212 பவுண் எடுத்தது சரியா பிழையா என்டது ஒன்டு. காசில்லாத எக்கவுன்ட்ல இருந்து பேங்க் அத கட்டி உங்கள கடன்காரன் ஆக்கினது மற்றது. ரெண்டையும் கலந்து, அநியாயம் அநியாயம் என்டு நாலு பக்கம் எழுதினா, மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் தனக்கு லேசான பகுதிக்கு மட்டும் பதில் போட்டு ஃபைல மூடிடுவார். நான் முப்பது வருஷம் அந்த மேசைல இருந்தவன், எனக்கு தெரியும்.

முதலாவது சண்டைல நீங்க பலமான இடத்தில நிக்கிறீங்க. கம்பனியோட பேசுங்க என்டு பேங்க் தள்ளி விட்டது சரியில்ல. யூகேல டிரெக்ட் டெபிட் கேரன்டி என்டு ஒன்டு இருக்கு, நீங்க கையெழுத்து வச்ச ஃபோர்ம்ட அடியிலயே ஒரு பெட்டிக்குள்ள அச்சடிச்சிருக்கும், ஒருத்தரும் வாசிக்கிறதில்ல. காசு எடுத்ததுல கம்பனியோ பேங்க்கோ பிழை விட்டா முழுக்காசையும் உடனே திருப்பித் தரவேண்டியது உங்கட பேங்க். தொகையோ திகதியோ மாறுறதென்டா முன்கூட்டியே, சாதாரணமா 10 வேலை நாளைக்கு முந்தி, உங்களுக்கு அறிவிக்கணும் என்டும் அதுல இருக்கு. பேங்க் உங்களுக்கு குடுத்திட்டு பிறகு கம்பனிகிட்ட இருந்து அறவிடும், அது அவங்க ரெண்டு பேருக்கும் உள்ள கணக்கு, உங்களுக்கு சம்பந்தமில்ல. பேங்க்குக்கு உள்ள இத இன்டெம்னிட்டி க்ளெய்ம் என்டு சொல்வாங்க. அந்தச் சொல்லையே போட்டு கேளுங்க, சாட்ல இருக்கிற பிள்ளைக்கு விளங்காட்டியும் அதுக்கு மேல இருக்கிறவருக்கு விளங்கும். இந்த கேரன்டிக்கு இத்தனை மாசத்துக்குள்ள கேக்கணும் என்ட காலக்கெடு ஒன்டும் இல்ல, நாள் போயிட்டு என்டு யாரும் சொன்னா ஏமாறாதீங்க.

ஆனா ஒன்டு. கேரன்டி காசு எடுத்த விதத்தில உள்ள பிழைக்குத்தான், கடன் இருக்கா இல்லையா என்ட வழக்க தீர்க்கிறதுக்கு இல்ல. உண்மையிலயே நீங்க குடுக்க வேண்டிய பில் என்டா பேங்க் இன்டைக்கு திருப்பித் தந்தாலும் கம்பனி நாளைக்கு வேற வழியில கேக்கும். அதனால கம்பனிகிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: இந்த 212 பவுண் எந்த திகதில இருந்து எந்த திகதி வரைக்கும் எரிச்ச கரண்டுக்கு? பில்ல பிரிச்சு காட்டச் சொல்லுங்க. நீங்க வெளிக்கிட்ட பிறகு உள்ள நாளென்டா அது புதுசா வந்தவங்கட பில், உங்கட மீட்டர் ஃபோட்டோவும் வீட்டு ஒப்பந்தம் முடிஞ்ச திகதியும் க்ளோஸ் பண்ணினோம் என்ட ஈமெயிலும் போதும். நீங்க இருந்த காலத்துக்கு கணக்க திருத்திப் போட்டிருக்காங்க என்டா, அதுல கொஞ்சம் உங்கட தலையில விழலாம், அப்ப மத்த மூணு பேரையும் வாட்ஸ்அப்ல பிடிங்க. அதுலயும் 12 மாசத்துக்கு முந்தி பாவிச்சதுக்கு, பிழை கம்பனிட பக்கம் என்டா, இப்ப புதுசா பில் போடக் கூடாது என்டு அங்க எனர்ஜிய கட்டுப்படுத்துற ஒஃப்ஜெம் 2018ல இருந்து சட்டம் வச்சிருக்கு.

அறிவித்தல் வரவே இல்ல என்ட ஒரு காரணத்தில மட்டும் தொங்காதீங்க. அனுப்பியிருப்பாங்க, நீங்க குடுத்தது யூனிவர்சிட்டி ஈமெயிலா இருக்கும், அது இப்ப திறக்காது, அனுப்பினோம் என்டு அவங்க நிரூபிச்சா அந்த வாதம் விழுந்திடும். எக்கவுன்ட் மூடின பிறகு எடுத்தாங்க என்டதுதான் உங்கட ஆணி.

இனி ஓவர்ட்ராஃப்ட். நான் கேக்காம எப்பிடி எனக்கு கடன் தரலாம் என்டு கேக்கிறீங்க, நியாயமான கேள்வி, ஆனா அதுக்கு பேங்க்கிட்ட பதில் இருக்கு. எக்கவுன்ட்ல காசில்லாத நேரம் ஒரு டிரெக்ட் டெபிட் வந்தா பேங்க் அத திருப்பி அனுப்பலாம், இல்லாட்டி கட்டிட்டு உங்கள மைனஸ்ல விடலாம், அது பேங்க்ட முடிவு. காசு இல்லாம ஒரு கட்டணம் வந்தாலே நீங்க ஓவர்ட்ராஃப்ட் கேட்டதா எடுத்துக்கொள்ளுவோம் என்ட மாதிரி ஒரு வரி நிபந்தனைல இருக்கும். ஒழுங்கு பண்ணாத ஓவர்ட்ராஃப்ட் என்டு அங்க சொல்றது இதத்தான். முந்தி இதுக்கு அடிச்ச அபராதம் பயங்கரம், ஒரு நாள் மைனஸ்ல போனாலே பவுண் கணக்கில வெட்டுவாங்க, அத எதிர்த்து பெரிய பேங்குகளுக்கு மேல போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் 2009 நவம்பர்ல பேங்குகள்தான் வெண்டாங்க. அதனால இன்டர்நெட்ல இப்பவும் சுத்துற, பேங்க் சார்ஜ் அநியாயம் திருப்பித் தா என்ட ரெடிமேட் லெட்டர எடுத்து போட்டு அனுப்பாதீங்க, பிரயோசனமில்ல. பிறகு 2020 ஏப்ரல்ல, அங்க பேங்குகள் வாடிக்கையாளரோட நடக்கிற விதத்த கட்டுப்படுத்துற எஃப்சிஏ உள்ள வந்து நாளுக்கு இவ்வளவு என்ட நிலையான அபராதத்த தடை பண்ணி, வட்டியா மட்டும்தான் எடுக்கலாம், ஒழுங்கு பண்ணாததுக்கு கூடின வட்டியும் போடக் கூடாது என்டு சொல்லிட்டாங்க. அதுக்கு பிறகு கன பேங்குகள் வருஷத்துக்கு 40 வீதம் அளவுக்கு வட்டிய ஏத்திட்டாங்க என்டது வேற கதை. உங்கட 174க்கு நாலு மாசத்துக்கு பாத்தா 20 பவுண் அளவில வரும், அதுக்கு மேல பெரிசா போட்டிருந்தா எப்பிடி வந்தது என்டு கேளுங்க.

ஆகவே நீங்க ஓவர்ட்ராஃப்ட நேரா அடிக்கப் போகாதீங்க. டெபிட் பிழை என்டா அதால வந்த எல்லாமே பிழை. டெபிட் நடக்காட்டி எக்கவுன்ட் எப்பிடி இருந்திருக்குமோ அந்த நிலைக்கு, அதாவது 38 பவுணோட, கொண்டு வரணும், வட்டியையும் எடுக்கணும், க்ரெடிட் ஃபைல்ல, அதாவது நீங்க கடன் கட்டின விதத்த பதிஞ்சு வைக்கிற பதிவில, ஏதும் பதிஞ்சிருந்தா அதையும் அழிக்கணும். இந்த மூண்டையும் எழுத்தில கேளுங்க. காச மட்டும் தந்திட்டு க்ரெடிட் ஃபைல்ல உள்ளத அப்பிடியே விட்டாங்க என்டா அது ஆறு வருஷம் கிடக்கும், நீங்க பிறகு அங்க வேலைக்கு போனா ஒரு ஃபோன் கொன்ட்ராக்ட் கூட எடுக்கேலாம நிப்பீங்க.

இப்ப கொழும்பில இருந்து இத செய்யிற கஷ்டம். உங்கட யூகே சிம் செத்திருக்கும், பேங்க் ஆப் ஓடீபீய அதுக்குத்தான் அனுப்பும், ஃபோன் எடுத்தா அரை மணித்தியாலம் பாட்டு கேக்க விட்டு பிறகு செக்கியூரிட்டி கேள்வில உங்கள விழுத்துவாங்க. அதுக்காக லண்டன்ல இருக்கிற மாமாவ விட்டு பேசச் சொல்லாதீங்க, எக்கவுன்ட்காரர் எழுத்தில அனுமதி குடுக்காட்டி அவரோட பேச மாட்டாங்க. கையெழுத்து வச்ச லெட்டர், பாஸ்போட் கொப்பி, இங்கத்த விலாசம் மூண்டையும் சேத்து பேங்க்ட முறைப்பாட்டு பிரிவுக்கு ஈமெயிலும் பண்ணுங்க ரெஜிஸ்டர்ட் போஸ்ட்லயும் போடுங்க. முதல் வரியிலயே இது முறைப்பாடு என்டு எழுதுங்க. அப்பதான் அவங்களுக்கு நேரம் ஓடத் தொடங்கும். காசு எடுத்தது சம்பந்தமான முறைப்பாட்டுக்கு சாதாரணமா 15 வேலை நாளைக்குள்ள பதில் தரணும், மத்ததுக்கு ஆகக் கூடினது 8 கிழமை. பதில் பிடிக்காட்டி, இல்ல பதிலே வராட்டி, பேங்குகளுக்கு எதிரான முறைப்பாட்ட நடுநிலையா விசாரிக்கிற, அங்கத்த ஃபினான்ஷியல் ஒம்புட்ஸ்மன் சேர்விஸுக்கு போங்க. சல்லிக் காசு செலவில்ல, ஒன்லைன்ல ஃபோர்ம் நிரப்பலாம், நீங்க வெள்ளவத்தைல இருக்கிறது தடையே இல்ல. பேங்க் கடைசிப் பதில் அனுப்பின நாள்ல இருந்து 6 மாசத்துக்குள்ள போகணும், அந்த திகதிய மட்டும் கலண்டர்ல வட்டம் போட்டு வைங்க.

ரெக்கவரி கம்பனிக்கு ரெண்டே வரி. இந்தக் கடன நான் மறுக்கிறேன், காரணம் இது, பேங்க்ல முறைப்பாடு இருக்கு. நியாயமான காரணத்தோட மறுத்தா விசாரிச்சு முடியும் வரைக்கும் அவங்க துரத்துறத நிப்பாட்டணும், அது எஃப்சிஏட விதி. அவங்களுக்கும் பேங்க்குக்கும் உங்கட கொழும்பு விலாசத்த கட்டாயம் குடுங்க. குடுத்தா தேடி வருவாங்க என்டு ஒளிக்கிற ஆக்கள் இருக்காங்க, அது மொக்கு வேலை. பழைய லண்டன் விலாசத்துக்கு கோட் லெட்டர் போய், நீங்க பதில் குடுக்காம உங்களுக்கு எதிரா தீர்ப்பு வந்தா அத உடைக்கிறது இதவிட பத்து மடங்கு தலையிடி.

விசா பயம்: அங்கத்த குடிவரவு விதியில கடன் என்டு மறுக்கிறதுக்கு சொல்லியிருக்கிறது ஆஸ்பத்திரி கடனும் ஹோம் ஒஃபிஸுக்கு குடுக்க வேண்டிய வழக்குச் செலவும் மாதிரியானதுகள். தனியார் பேங்க்ட ஓவர்ட்ராஃப்ட் அந்த லிஸ்ட்ல இல்ல. அம்மாக்கு வாசிச்சு காட்டுங்க. எல்லாம் முடிஞ்சு கணக்கு பூச்சியத்துக்கு மேல வந்த அன்டைக்கே எக்கவுன்ட மூடுங்க, மைனஸ்ல இருக்கும்போது மூட விட மாட்டாங்க.

கேள்வி: ஐயா, புறக்கோட்டைல சாரிக் கடை. கரன்ட் எக்கவுன்ட்ல இருந்து இன்ஷுரன்ஸ் பிரீமியம் மாசம் 18,500 ரூபா தானா போகும். ஒக்டோபர்ல பொலிசிய நிப்பாட்டச் சொல்லி ஏஜன்ட்ட கைல எழுதிக் குடுத்தேன். நவம்பரும் எடுத்தாங்க டிசம்பரும் எடுத்தாங்க. டிசம்பர்ல எக்கவுன்ட் மைனஸ், பேங்க் டீஓடீ (தற்காலிக ஓவர்ட்ராஃப்ட்) என்டு போட்டு வட்டி எடுத்திருக்கு, அடுத்த நாள் சரக்குக்காரருக்கு குடுத்த செக் ரிட்டர்ன். நத்தார் சீசன்ல மானம் போச்சு. அவர் பொலிசுக்கு போவேன் என்டுறார். யார பிடிக்கிறது?
– கடை முதலாளி, புறக்கோட்டை

பதில்: முதலாளி, முதல் சரக்குக்காரர பிடிங்க. காசையோ வேற செக்கையோ குடுத்து அவர சமாதானப்படுத்துங்க, மத்ததெல்லாம் பிறகு. 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க கடன் அறவிடல் சட்டத்தில, எக்கவுன்ட்ல காசில்ல என்டு தெரிஞ்சுகொண்டே செக் எழுதினாத்தான் குற்றம். உங்களுக்கு தெரியாது, செக் எழுதேக்க காசு இருந்தது, நிப்பாட்டச் சொன்ன பிரீமியம் வந்து சாப்பிட்டிட்டு. அத ஸ்டேட்மென்ட் காட்டி சொல்லலாம், ஆனா அவரோட உங்களுக்கு நாளைக்கும் வியாபாரம் இருக்கே.

அடுத்தது ஏஜன்ட். நம்மட ஆக்களுக்கு ஏஜன்ட்கிட்ட குடுத்தா எல்லாருக்கும் குடுத்த மாதிரி ஒரு நினைப்பு. எக்கவுன்ட்ல இருந்து எடுக்க அனுமதி குடுத்து நீங்க கையெழுத்து வச்சது ஒரு மேன்டேட் ஃபோர்ம்ல, அது பேங்க்ல இருக்கு. அத ரத்துப் பண்ணச் சொல்லி பேங்க்குக்கு ஒன்டும் போகல்ல என்டா பேங்க் நான் அனுமதி இருந்தபடி கட்டினேன் என்டு சொல்லும், அது சரியும் கூட. யூகேல உள்ள கேரன்டி மாதிரி ஒன்ட இங்க நம்பிப் போகாதீங்க, இங்க உங்கட பலம் கையில உள்ள கடதாசிதான். அதனால இன்டைக்கே பிராஞ்சுக்கு போய் மேன்டேட ரத்துப் பண்ணி லெட்டர் குடுத்து, கொப்பில திகதியோட சீல் அடிச்சு வாங்குங்க. இல்லாட்டி ஜனவரியும் எடுப்பாங்க. அப்பிடியே அந்த மேன்டேட் ஃபோர்ம்ட கொப்பியும் கேளுங்க. எவ்வளவு வரைக்கும், எதுவரைக்கும் என்டு அதுல எழுதியிருக்கும், நீங்க எழுதினத விட கூட எடுத்திருந்தா கதை மாறும்.

ரெண்டு பிரீமியமும் இன்ஷுரன்ஸ் கம்பனிகிட்ட இருந்துதான் வரணும். ஏஜன்ட் ஒக்டோபர்ல கையெழுத்து வச்சு வாங்கின கொப்பி இருந்தா ஹெட் ஒஃபிஸுக்கு எழுதுங்க, மறுத்தா இன்ஷுரன்ஸ் ஒம்புட்ஸ்மன் இருக்கார், அதுக்கு மேல இன்ஷுரன்ஸ் ரெகியுலேட்டரி கமிஷன் இருக்கு. கொப்பி எடுக்காம குடுத்திருந்தா ஏஜன்ட வாட்ஸ்அப்ல, அண்ணே நான் ஒக்டோபர்ல குடுத்தத எப்ப ஒஃபிஸுக்கு அனுப்பினீங்க என்டு சாதாரணமா கேளுங்க. அவர் போடுற பதில ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைங்க, அதுவும் சாட்சிதான்.

பேங்க்கிட்ட கேக்க ஒரு நல்ல கேள்வி இருக்கு, இத யாரும் கேக்கிறதில்ல. முதல் நாள் பிரீமியத்துக்கு காசில்லாத நேரம் டீஓடீ குடுத்து கட்டினீங்க, அடுத்த நாள் என்ட செக் வரேக்க மட்டும் ஏன் குடுக்கல்ல? டீஓடீ என்டா டெம்பரரி ஓவர்ட்ராஃப்ட், அது தானா வாறதில்ல, பிராஞ்ச்ல ஒருத்தர் ஓம் என்டு சொல்லணும், இல்ல சிஸ்டத்தில ஒரு லிமிட் வச்சிருக்கணும். யார் அனுமதிச்சது, என்ன வட்டிக்கு, எனக்கு ஏன் ஒரு எஸ்எம்எஸ் கூட வரல்ல, இத எழுத்தில கேட்டா மெனேஜர் அந்த வட்டியையும் செக் ரிட்டர்ன் சார்ஜையும் விட்டுக் குடுத்து முடிக்கத்தான் பெரும்பாலும் பாப்பார். முறைப்பாட்ட தமிழ்லயே எழுதலாம், சிங்களத்திலயோ இங்லிஷ்லயோ எழுதினாத்தான் எடுப்பாங்க என்டு ஒன்டும் இல்ல.

அசையாட்டி மத்திய வங்கி. அங்க நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம் என்டு 2020ல இருந்து ஒன்டு இருக்கு, 1935க்கு எடுத்தா எப்பிடி முறைப்பாடு போடுறது என்டு சொல்லுவாங்க. 2023ல நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதியும் கொண்டு வந்துட்டாங்க, அந்த பேர லெட்டர்ல ஒருக்கா போடுங்க, வாசிக்கிறவர் கொஞ்சம் நிமிர்ந்து இருப்பார். ஃபினான்ஷியல் ஒம்புட்ஸ்மனும் இங்க 2003ல இருந்து இருக்கார். ரெண்டு இடத்திலயும் முதல் கேள்வி, பேங்க்குக்கு எழுத்தில குடுத்தீங்களா? என்டுதான். கவுண்டர்ல நிண்டு சத்தம் போட்டது கணக்கில வராது. கோட்டுக்கு போன விசயத்தையும் எடுக்க மாட்டாங்க, அதனால அவசரப்பட்டு லோயர்கிட்ட ஓடாதீங்க.

ஒரு மாசம் கழிச்சு உங்கட க்ரிப் ரிப்போட்ட, அதாவது இங்கத்த கடன் தகவல் பணியகம் உங்கட கடன் பற்றி வச்சிருக்கிற பதிவ, எடுத்து பாருங்க, உங்கட ரிப்போட்ட நீங்களே கேட்டு எடுக்கலாம். அடுத்த சீசனுக்கு சரக்கெடுக்க லோன் கேக்கப் போற நேரத்தில இந்த 18,500 அங்க முழிச்சுக்கொண்டு இருக்கக் கூடாது.

கேள்வி: அங்கிள், ஒரு படம் பாக்கிற ஆப்புக்கு ஒரு மாசம் ஃப்ரீ என்டு கார்ட் நம்பர் குடுத்தேன். இப்ப மாசா மாசம் எடுக்குது. இதுவும் டிரெக்ட் டெபிட்தானே? பேங்க்ல நிப்பாட்டச் சொன்னா அப்பிடி ஒன்டு உங்கட எக்கவுன்ட்லயே இல்ல என்டுறாங்க.
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: மகள், பேங்க் சொல்றது சரி. எக்கவுன்ட் நம்பர குடுத்து மேன்டேட்ல கையெழுத்து வச்சாத்தான் டிரெக்ட் டெபிட். நீங்களே பேங்க்குக்கு சொல்லி ஒரே தொகைய மாசா மாசம் அனுப்பினா அது ஸ்டேண்டிங் ஓடர். கார்ட் நம்பர குடுத்தது ரெண்டுலயும் சேராது. முதல் ஆப்புக்குள்ள போய் சப்ஸ்கிரிப்ஷன கென்சல் பண்ணி அந்த ஈமெயில வைங்க, ஃபோன்ல இருந்து ஆப்ப டிலீட் பண்ணினா கென்சல் ஆகாது. அதுக்கு பிறகும் எடுத்தா பேங்க்ட எக்கவுன்ட் பகுதிய விட்டிட்டு கார்ட் பகுதிக்கு போன் பண்ணி டிஸ்பியூட் (இந்தக் காசு எடுத்தது சரியில்ல என்ட மறுப்பு) போடணும் என்டு கேளுங்க. அதுக்கு காலக்கெடு இருக்கு, ஸ்டேட்மென்ட் வந்த உடனே பாருங்க. பேங்க் கேட்டா கார்ட மாத்தியும் தருவாங்க, ஆனா புது கார்ட் வந்தாலும் சில நேரம் பழைய சப்ஸ்கிரிப்ஷன் தானா புது நம்பருக்கு தாவிடும், அதனால கென்சல் பண்ணாம கார்ட மட்டும் மாத்தி பிரயோசனமில்ல.

கேள்வி: எக்கவுன்ட்ல காச எல்லாம் எடுத்து பூச்சியத்தில வச்சா டிரெக்ட் டெபிட் தானா நிண்டிடும் தானே?
– வாசகர், தெஹிவளை

பதில்: நிக்காது. மேலே உள்ள முதல் ரெண்டு கேள்வியையும் வாசிங்க. பூச்சியத்தில வச்ச எக்கவுன்ட்தான் முதல்ல மைனஸ்ல போகும், திருப்பி அனுப்பினாலும் அதுக்கு சார்ஜ் வரலாம். பேங்க்ல ஒரு லெட்டர், கம்பனிக்கு ஒரு லெட்டர், ரெண்டும் குடுங்க. பேங்க்ல மட்டும் நிப்பாட்டினா ஒப்பந்தம் அப்பிடியே இருக்கும், கம்பனி நிலுவை என்டு எழுதிக்கொண்டே போகும்.